கள்ளியம்பதியின் கட்டாப் படை

கூலி வாங்காமல் மண் சுமக்கிறவனை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. ஆகையால், கள்ளியம்பதியில் அப்படி ஒரு கூட்டமே இருக்கிறது, அதில் ஒருவனைத்தான் என் மகள் சம்பூரணத்துக்குப் பார்த்திருக்கிறேன் என்று எங்கள் உறவுக்காரர் ஒருவர் பெருமையோடு வந்து சொன்னபோது, எனக்குப் பெருமை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

“பையன் தங்கமுங்க. ஊர்க் குளத்தத் தூர் வாரற தொண்டர் படையில அவந்தான் மொத ஆளு” என்றார்.

“குளம் யாருது?”

“ஊருதுங்க.”

“அப்ப இவனுக்கு என்ன லாபம்?”

உறவுக்காரர் மோரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது என் கட்சி. கதர்க்காரர்களோ? உண்டியல் குலுக்கி ஊரை ஏய்க்கிற கும்பலோ? இல்லை, குளத்துப் பாசனத்தில் பையனுடைய அப்பனுக்கு நஞ்சை இருக்கிறதோ?

எங்கள் ஊர் கொடுமுடி. கொல்லைப்படி இறங்கினால் காவிரி. ஆற்றிலே போகிற தண்ணியை ஐயா குடி அம்மா குடி என்று இறைத்து வளர்ந்தவள் சம்பூரணம். கள்ளியம்பதியோ மலைக்குக் கிழக்கே, மழையை மலை மறித்துக்கொள்கிற வறண்ட பூமி. பெண்ணைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டான் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக்கூடாது. பாழுங்கிணறாகவே இருந்தாலும் அதில் தண்ணீராவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

சொல்லாமல் போய் நிற்பதுதான் என் வழக்கம். என் மனைவி விடவில்லை. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் திருடனைப் போல நுழையக்கூடாதாம். முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லியாயிற்று. எவ்வளவு பெரிய தப்பு அது என்று போன பிறகுதான் தெரிந்தது.

பொள்ளாச்சியில் ரயிலை விட்டு இறங்கி ஒரு காப்பி கிளப்பில் இட்லி சாப்பிட்டேன். இட்லி பரவாயில்லை. சட்னியில் தேங்காயைவிடப் பொட்டுக்கடலை அதிகம். காப்பி என்று ஒன்று கொடுத்தார்கள். கறுப்பாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் ரங்கன் என்கிற வண்டிக்காரன் அகப்பட்டான்.

பாதி வழியில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சக்கரத்தின் கடையாணி கழன்று எங்கோ விழுந்துவிட்டது. ரங்கன் தலையைச் சொறிந்துகொண்டே, “கெட்டதுலயும் ஒரு நல்லதுங்க. இங்கதான் எங்க மாமியா ஊடு” என்றான். கடையாணிக்கு அவன் மாமியார் வீட்டு வாசலாகப் பார்த்துக் கழலத் தெரிந்திருக்கிறது! நான் வேப்பமரத்தடியில் வெயிலைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க, அவன் உள்ளே போய்ச் சாவகாசமாகக் களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, கருவேலங்குச்சியைச் சீவி ஆணியாகச் செருகிக்கொண்டு வந்தான். எனக்கும் மோர் வந்தது. ரொம்பச் சின்ன லோட்டா. மேற்கே போகப் போக லோட்டாக்கள் சிறுத்துக்கொண்டே வந்ததை நான் கவனிக்கத் தவறவில்லை.

கள்ளியம்பதி இருக்கிற கொச்சி ராஜ்யத்து எல்லையில் ஒரு சாவடி இருக்கிறது. புகையிலை கொண்டுபோகிறேனா என்று காவலாளி மூட்டையைக் கிளறினார். உள்ளே எங்கள் கொடிக்கால் வெற்றிலைதான் இருந்தது. மலையாளத்தில் என்னவோ கேட்டார். மாடு வாங்கவா, மாப்பிள்ளை பார்க்கவா என்று கேட்கிறார் என்று ரங்கன் சொன்னான்.

மாப்பிள்ளை பார்க்க என்றேன். காவலாளி சிரித்தார். அவர் சொன்னதை ரங்கன் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்: “மாடு வாங்கப் போறவங்க மாட்டோட திரும்புவாங்களாம். மாப்பிள்ளை பார்க்கப் போறவங்க வெறுங்கையோட திரும்புவாங்களாம்.”

ஏன் என்று கேட்டால், ராஜ்யமே தன் தோளில் இருப்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். என் சந்தேகம் வண்டியில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஆளாகவே ஏறி உட்கார்ந்துகொண்டது.

பொழுது சாயக் கள்ளியம்பதி போய்ச் சேர்ந்தோம். கடைவீதி, சந்தைப் பேட்டை, மாரியம்மன் கோயில் என்று சிறு பட்டணம்தான். பேச்சு நம் கோயம்புத்தூர்ப் பேச்சு. பையனின் அப்பா நாச்சிமுத்து தெருமுனைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க மச்சான், வாங்க. வழியில செரமப்பட்டீங்களோ?”

ராத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. சந்தகையும் தேங்காய்ப்பாலும், பிறகு அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும். எல்லாம் இலையில். கை கழுவ என்னை ஒரு முருங்கைமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் கழுவிய தண்ணீர் வேருக்கு ஓடியது. எங்கள் ஊரில் கை கழுவுகிறவனை மரத்தோடு சேர்த்துக் கட்டுகிற வழக்கமில்லை. கஞ்சர்கள் என்று மனதில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலை புழக்கடையில் குளிக்கப் போனேன். அண்டா நிறைய வெந்நீர். பக்கத்தில் வரிசையாகக் குடங்கள், எல்லாவற்றிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர். “தாராளமாக் குளிங்க மச்சான்” என்று நாச்சிமுத்து வெளியிலிருந்து சொன்னார். ராத்திரிக் கஞ்சர் காலையில் கர்ணனாகிவிட்டாரே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே குளித்தேன். காவிரியில் குளித்த உடம்பு, சொம்புக் கணக்கெல்லாம் பார்க்காது. தலைக்கு ஊற்றினேன், முதுகுக்கு ஊற்றினேன், வேட்டியை அலசினேன், மிச்சத்தைச் சும்மாவும் ஊற்றினேன்.

துவட்டிக்கொள்ளும்போதுதான் குடங்களை உற்றுப் பார்த்தேன். ஒன்று செம்பு, ஒன்று பித்தளை, ஒன்று கழுத்து விண்ட மண்குடம். பித்தளையின் தோளில் பழனாத்தா என்று பெயர் வெட்டியிருந்தது. செம்பில் ராமக்காள். இன்னொன்றில் கருப்பாத்தா. இந்த வீட்டுக்கார அம்மாளின் பெயர் தெய்வாத்தாள் என்று எனக்கு முன்னமே தெரியும். ஒரு வீட்டுப் புழக்கடையில் தெருவிலுள்ள பெண்களின் பெயரெல்லாம் எதற்கு வந்து நிற்கிறது?

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நன்றாகவே கிடந்தது. ஆனால் மாடு கட்டி இறைக்கிற கவலை ஏற்றத்தின் தோல், வறட்டி மாதிரி விறைத்துக் கிடந்தது. தினம் நனைகிற தோல் அப்படி இராது. வாய்க்காலில் எறும்பு புற்று வைத்திருந்தது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் இறைக்காத குடியானவன் உண்டா?

“பையன் எங்கே?” என்றேன்.

“கொளத்துலீங்க. விடிஞ்சாப் போயிருவான்” என்றார் நாச்சிமுத்து. கூடவே வருகிறேன் என்றார். வேண்டாம் என்று தனியாகப் போனேன்.

வழியெல்லாம் சரிவான செம்மண் மேடு. சரிவின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு வரிவரியாகக் கல் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு கல்வரப்புக்குப் பின்னாலும் மழை அடித்துக்கொண்டு வந்த மண் தங்கி, கிளுவைக் குச்சிகள் துளிர்த்திருந்தன. வேலை சுத்தம்தான். வேலை சுத்தமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாகும்.

குளத்தில் வாலிபர்கள் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். வெட்டுகிறவன் வெட்ட, வரிசையாக நின்றவர்கள் கூடையைக் கைமாற்றிக் கரையில் கொட்டினார்கள். கதர்க் குல்லா இல்லை, கொடி இல்லை, உண்டியல் இல்லை. மதகிலிருந்து வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று நடந்து பார்த்தேன். நாச்சிமுத்துவின் புன்செய்க் காடு குளத்தைவிட மேட்டில் இருந்தது. தலைகீழாக நின்றாலும் இந்தத் தண்ணீர் அங்கே ஏறாது. லாபம் இல்லை என்று ஆனதும் எனக்குப் பயமே வந்துவிட்டது.

கரையில் பனங்கொட்டை ஊன்றிக்கொண்டிருந்த ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். காதோரம் நரைத்திருந்தான், பெயர் மாரப்பன். “வேலைக்கு வந்துட்டா ஊட்டுல பொண்டாட்டி சண்டைக்கு வரமாட்டாளா?” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். “இந்தப் படையில பொண்டாட்டி இருக்கறவன் ஒருத்தனுமில்லீங்க. நாங்கதான் தொண்டர் படைன்னு சொல்லிக்கறது. ஊருக்குள்ள எங்களுக்குக் கட்டாப் படைன்னு பேரு. தாலி கட்டாதவனுகளாம்” என்றான் மாரப்பன்.

“ஏன் கட்டல?”

சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது பள்ளத்திலிருந்து ஒரு வாலிபன் கூடையை இறக்கிவைத்துவிட்டு மேலே ஏறி வந்தான். உடம்பெல்லாம் வண்டல். நாச்சிமுத்துவின் ஜாடை. வெள்ளியங்கிரி, எனக்கு மருமகனாக வருகிறதாகப் பேச்சு.

“கும்புடறனுங்க மாமா. கெணத்தப் பாத்தீங்ளா?”

“பாத்தேன். நெறையாத்தான் கெடக்குது.”

“அது ஒரு மாசமா எறைக்காம வெச்சிருந்த தண்ணிங்க. ரெண்டு நாள் மாடு பூட்டுனா தரை தெரியும். நீங்க இன்னிக்குக் குளிச்சது எங்க வீதித் தண்ணி. பொண்ணு ஊட்டுக்காரங்க யாரு ஊட்டுக்கு வந்தாலும், வீதியே ஆளுக்கொரு கொடம் கொண்டாந்து ஊத்தும். மரியாதத் தண்ணின்னு பேருங்க. தெரியாம நீங்க சரீன்னு சொல்லீரக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்.”

அவன் முடிப்பதற்குள் மாரப்பன் கையிலிருந்த கூடையைத் தரையில் அடித்தான். “டேய் வெள்ளியங்கிரி! உனக்கு வேண்டாம்னா உன்னோட போகட்டும். எங்க வாயில எதுக்குடா மண்ணப் போடறே? இவரு போயி நாலு பேருகிட்டச் சொன்னா, ஆத்தங்கரையில இருந்து இனி எவன் வருவான்?”

நாலைந்து பேர் வெள்ளியங்கிரியைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றானே தவிர, சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை. ஒருவன் அவன் மேல் ஒரு கை மண்ணை வீசினான். பிறகு எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். கூடை வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் நிற்க மட்டும் யாரும் வரவில்லை. இரண்டு எட்டு நடந்துபோய்த் தானே கூடையை வாங்கித் தானே கொண்டுபோய்க் கொடுத்தான்.

மாரப்பன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முன்னொரு வெள்ளத்தில் கரை உடைந்து குளம் மேடிட்டுப் போனதாம். சர்க்கார் மராமத்துச் செய்யட்டும் என்று நிலத்துக்குச் சொந்தக்காரரான ஜன்மியும், ஜன்மி செய்யட்டும் என்று சர்க்காரும் சொல்லிக்கொண்டிருக்கக் கிணறுகள் வற்றிப்போயின. அதற்குப் பிறகு ஊருக்குப் பெண் வருவது நின்றுவிட்டது.

“கொளத்துல ஒரு மழைத் தண்ணி நின்னாப் போதுமுங்க, கெணறெல்லாம் ஊறும். பொண்ணும் வரும். அதுக்குத்தான் தோண்டறோம், தருமத்துக்கில்லீங்க” என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அண்ணா, அவனுக்குக் குடுக்காட்டியும் போகுது. தண்ணியில்லாத ஊருன்னு மட்டும் அங்க போயிச் சொல்லீராதீங்க. எனக்கு இனி வேண்டாம், வயசாயிப் போச்சு. இந்தப் பசங்களப் பாருங்க.”

என் மூக்கு பொய் சொல்லாது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஊரே கூடிச் செய்த தந்திரத்தை ஒரே காலையில் மோப்பம் பிடித்துவிட்டேனே! ஆனால் திரும்பி நடக்கும்போதே அடுத்த சந்தேகம் முளைத்தது. பையன் உண்மை சொன்னதே ஒரு தந்திரமாக இருந்தால்? யோக்கியன் என்று பேர் வாங்கிப் பெண்ணைத் தட்டிக்கொண்டு போகிற யுக்தியாக இருந்தால்? மண்ணை வீசினவனும் கூட்டுக் களவாணியாக இருந்தால்?

மத்தியானம் சாப்பாட்டில், கொள்ளுப் பருப்பைப் பிசைந்துகொண்டே, “மரியாதத் தண்ணி நல்லா இருந்துச்சு” என்று போட்டுப் பார்த்தேன். நாச்சிமுத்துவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று. அப்படி ஒரு முகத்தை வேஷம் போட்டுக் கொண்டுவர முடியாது.

“யாரு சொன்னாங்க?”

“பையனே சொன்னான்.”

“அவன் வாயில சனி” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. தெய்வாத்தாள் எனக்கு ரசம் ஊற்றினாள்.

அடுத்த நாள் சித்திரை அமாவாசை. அமாவாசையில் எங்கள் பக்கமும் மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள், மாட்டுக்கு ஓய்வு நாள், மனிதனுக்கும் ஓய்வு. இங்கே மாடு மட்டும்தான் படுத்துக்கொண்டு அசைபோட்டது. காட்டு வேலை இல்லாத நாளென்று ஊரே குளத்தில் இறங்கியிருந்தது. கிழவர், பெண்கள், கடைக்காரர் எல்லோரும் கூடை வரிசையில். எங்கள் ஊரில் இத்தனை பேரை நான் ஒன்றாகப் பார்த்தது தேர் இழுக்கும்போதுதான்.

நான் புறப்பட மூட்டை கட்டிவிட்டேன். ஒரேயடியாக முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. யோசித்து, யாருக்கும் நோகாத ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நாச்சிமுத்துவும் தெய்வாத்தாளும் வாசலில் நின்றார்கள்.

“ஐப்பசி மழை வரட்டும். கொளம் நெறையட்டும். தண்ணி நின்னா எனக்கு ஒரு ஆளு அனுப்புங்க. தையில கல்யாணத்த வெச்சுக்கலாம்” என்றேன். நியாயமான பேச்சு என்றுதான் நினைத்தேன். நாச்சிமுத்துகூடத் தலையாட்டப் போனார்.

தெய்வாத்தாள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கோபமே இல்லாத குரல்.

“தண்ணி வந்ததுக்கப்பறம் நீங்க எதுக்குங்க அண்ணா? அப்பப் பொண்ணுக் குடுக்க ஊரு ஊரா வருவாங்க. தண்ணியில்லாதப்பக் குடுக்கறவங்கதான் எங்களுக்கு ஒறவு. நீங்க போயிட்டு வாங்க.”

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டியேறினேன். ஏர் மாட்டுக்குத்தான் ஓய்வு, வண்டி மாட்டுக்கு இல்லை என்று பூட்டிக்கொண்டு நின்ற ரங்கனிடம் வேறு வழியாகப் போகச் சொன்னேன். வேறு வழி கிடையாது, குளத்தங்கரைதான் வழி என்றான். வண்டி கரையில் ஊர்ந்தபோது கூடை வரிசை அப்படியே நின்றது. முப்பது வாலிபர்களும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளியங்கிரி மட்டும் பள்ளத்திலிருந்து, “வெயிலுக்கு முந்திப் போயிருங்க மாமா” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை ஓங்கினான். இன்றைக்கு அவன் பக்கத்தில் மாரப்பன் நின்றுகொண்டிருந்தான்.

சாவடியில் அதே காவலாளி. மூட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார், போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பொள்ளாச்சிக் காப்பியை நான் தொடவில்லை. ரயிலில் எதிரே இருந்தவர் புளியோதரை கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். முன்பின் தெரியாதவர் கையால் நான் அதுவரை சாப்பிட்டதில்லை என்பது ஈரோடு தாண்டித்தான் நினைவுக்கு வந்தது.

வீடு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். குடங்களில் வெட்டியிருந்த பெயர்கள், விறைத்த தோல், கட்டாப் படை, வீசின மண், அந்த அம்மாள் சொன்னது எல்லாம். என் மனைவி முழுக்கக் கேட்காமலே, “நல்ல வேளை, தப்புனோம்” என்று எழுந்து போய்விட்டாள்.

சம்பூரணம் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அத்தன கொடத்துலயும் நீங்களே குளிச்சுட்டீங்களாப்பா?” என்றாள்.

“ஆமாம்மா. எனக்கென்ன தெரியும்?”

“அப்ப அன்னிக்கு அந்த வீதியில என்ன குடிச்சாங்க?”

கிணற்றைப் பார்த்தேன், தோலைத் தொட்டுப் பார்த்தேன், வாய்க்கால் போகிற திக்கு வரைக்கும் பார்த்தேன். இதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. “தெரியாதும்மா” என்றேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் தாயும் மகளும் பேசுகிற சத்தம் கேட்டது. என் மனைவியின் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது, பிறகு கேட்கவில்லை. சம்பூரணம் திரும்பி வந்து, என் முகத்தைப் பாராமல் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“வைகாசியிலயே வெச்சுக்கலாம்னு ஆளு விட்டுச் சொல்லுங்கப்பா. மழை வந்துருச்சுன்னா அந்த அத்தை நம்மளச் சேத்துக்க மாட்டாங்க.”